கணிப்பொறியின் பழுதைக் கண்டறியும் முறை

மேசைக் கணிப்பொறி ஒன்று நின்றுபோனால், அதைக் குறித்து மேலிடத்திற்குச் செல்லும் கடிதத்தில் பெரும்பாலும் ஒரே செய்திதான் காணப்படுகிறது: "கணிப்பொறி இயங்கவில்லை, மதர்போர்டு கெட்டுவிட்டது." இதன் முற்பகுதி கண்ணாற் கண்டது, பிற்பகுதியோ ஊகம். கண்டதையும் ஊகித்ததையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிவிடுவதால் விளையும் நஷ்டம் சிறிதன்று. நல்ல உறுப்புகள் கழித்துக் கட்டப்படுகின்றன. கெட்டது உள்ளேயே இருந்து, புதிதாக வாங்கியதையும் கெடுக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் கணிப்பொறிக் கூடத்தைப் பார்வையிட நேர்ந்தது. அங்கே ஆசிரியர் மேசைமீதிருந்த கணிப்பொறிக்கு ஓராண்டுக்குள் தாய்ப்பலகை, அதாவது கடைத்தெருவில் மதர்போர்டு என வழங்கும் பெரிய மின்பலகை, இருமுறை மாற்றப்பட்டிருந்தது. மூன்றாம் பலகையும் கெட்டு, நான்காவதற்கு விண்ணப்பம் எழுதப்பட்டிருந்தது. மூன்று முறையும் ஒரே அடையாளம்: விசிறி சுழல்கிறது, திரையில் படம் இல்லை. "இந்த வகைப் பலகையே மட்டம்" என்று பழுது பார்ப்பவர் தீர்ப்புக் கூறியிருந்தார். மூன்று பலகைகளும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களில் செய்யப்பட்டவை என்பதை எவரும் கவனிக்கவில்லை. அதன் காரணம் என்னவென்பதைப் பின்னர்க் கூறுவோம். கெட்டுப்போன உறுப்பு வேறு, அதைக் கெடுத்த காரணம் வேறு என்பதை இங்கே மனத்திற் கொண்டால் போதும். முன்னதை அறிவதோடு ஆராய்ச்சி பாதிதான் முடிந்தது.

தொடுமுன் கேட்க வேண்டியவை

திருப்புளியைக் கையில் எடுக்குமுன், கணிப்பொறியை நாள்தோறும் கையாளுகின்றவரை விசாரிக்க வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இயங்கிற்று? அதற்கும் இன்றைக்கும் இடையில் என்ன நடந்தது? இடி மின்னலோடு மழை பெய்ததா? சுவருக்கு வெள்ளையடித்தார்களா? மேசையை இடம் மாற்றினார்களா? தூசி தட்டினார்களா? புதிதாக ஏதேனும் செருகினார்களா? முந்தின நாள் தூசி தட்டிய கணிப்பொறி இன்று இயங்கவில்லையெனில், ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்க வேண்டும் என்பதே முதல் ஐயம். இடி மின்னலுக்குப் பின் இணையக் கம்பி செருகும் வாய் மட்டும் செயலற்றிருந்தால், அக்கம்பியின் வழியே மின்னெழுச்சி வந்திருக்கலாம். யூ.பி.எஸ். மின்கம்பியின் வழியைத்தான் காக்கும். இணையக் கம்பியின் வழியை அது காப்பதில்லை.

வன்தட்டில் இருப்பவற்றுக்கு வேறு படி உண்டா என்பதும் கேட்டாக வேண்டிய வினா. மாணவர் மதிப்பெண்களோ, பல ஆண்டுக் கள அளவீடுகளோ வேறெங்கும் இல்லாமல் அந்த ஒரு தட்டிலேயே இருக்குமானால், அதைக் காப்பதே முதற் கடமை. கணிப்பொறியைப் பிழைக்கச் செய்வது அதற்கு அடுத்தது. தட்டு 'டக், டக்' என்று சீராக ஒலித்தால் அக்கணமே மின்சாரத்தை நிறுத்துக. மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்குந்தோறும் எஞ்சியிருப்பதும் அழியக்கூடும்.

கூட்டைத் திறக்குமுன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தல் வேண்டும். பலகையில் தங்கிய மின்னேற்றம் இதனால் வடியும். எஸ்.எம்.பி.எஸ். என்று எல்லோரும் அழைக்கும் மின்வழங்கியின் பெட்டியை மட்டும் களத்தில் திறக்கலாகாது. அதனுள் இருக்கும் பெரிய மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் ஏற்றம் கொள்வது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அதைத் தாங்கி நிற்கக்கூடியது. நம் உடலிலுள்ள நிலைமின்சாரமும் கவனிக்கத் தக்கது. அது பாயும்போது நாம் உணர்வதற்கே ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். சில நுண்ணுறுப்புகள் கெடுவதற்கோ சில நூறு வோல்ட்டே போதும். ஆகவே கையில் ஒன்றும் உறைக்கவில்லை என்பதால் பலகைக்குத் தீங்கில்லை என்று எண்ணிவிடக் கூடாது. வடநாட்டின் வறண்ட குளிர்காலத்தில் இவ்வபாயம் மிகுதி. கடலோர மழைக்காலத்தில் குறைவு. கூட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை அடிக்கடி தொட்டுக்கொண்டு வேலை செய்வது எளிய காப்பு.

'இயங்கவில்லை' என்பதன் பொருள்

இந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு நிலைகள் மறைந்து கிடக்கின்றன. எவ்வித அசைவுமில்லை என்பது ஒன்று. விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பது மற்றொன்று. படம் தோன்றி, பாதியில் நிற்பது வேறு. நன்றாக ஓடிச் சிறிது நேரத்தில் தானே அணைவது இன்னொன்று. இவற்றுள் எது என்று தெளிவதற்குள் எந்த உறுப்பையும் கழற்ற வேண்டியதில்லை.

எவ்வித அசைவும் இல்லாதபோது, ஆராய்ச்சி சுவரிலிருந்து தொடங்கி உள்நோக்கிச் செல்ல வேண்டும். அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கை எரியவிட்டுப் பார்க்கலாம். பிறகு மின்கம்பியை மாற்றிப் பார்க்கலாம். மின்வழங்கியின் பின்புறமுள்ள சிறு சுவிட்ச் அணைந்திருப்பதும் உண்டு. மேசையைச் சுவரோடு தள்ளும்போது அது தானே அணைந்துவிடும். இந்த ஒரு காரணத்தால் மூட்டை கட்டி நகரத்துக்கு அனுப்பப்பட்ட கணிப்பொறிகள் பல.

இவை யாவும் சரியெனில், மல்டிமீட்டரின் துணை வேண்டும். 1995-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பே பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் இன்றும் வழங்குகிறது. இதில், சுவரில் மின்சாரம் இருக்கும் வரை, கணிப்பொறி அணைந்திருந்தாலும் ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். அது இல்லையென்றால் மின்வழங்கியின்மீதே ஐயம் கொள்ளலாம். இருந்தால், இயக்கும் பொத்தானைச் சோதிக்க வேண்டும். பொத்தானிலிருந்து வரும் இரு மெல்லிய கம்பிகளைப் பலகையிலிருந்து கழற்றி, அவை செருகியிருந்த இரு முனைகளையும் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் கணிப்பொறி எழ வேண்டும். எழுந்தால், கெட்டது வெறும் பொத்தான்.

மின்வழங்கியைத் தனியே சோதிக்கவும் வழியுண்டு. பிளக்கைப் பிடுங்கி, மின்வழங்கியின் எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டு, பெரிய இணைப்பானில் உள்ள பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு கம்பித் துண்டால் இணைத்த பிறகு, மின்சாரம் கொடுத்தால் அதன் விசிறி சுழலும். சில புதிய மின்வழங்கிகளில் எல்லாக் கம்பிகளுமே கறுப்பாயிருக்கும்; அவற்றில் நிறத்தை நம்பாமல் முனைகளின் வரிசையைப் பார்த்துச் செய்தல் வேண்டும். ஆயினும் விசிறி சுழன்றதைக் கொண்டு மின்வழங்கி நன்றாயிருக்கிறது என முடிவு கட்டலாகாது. சுமையின்றி 12 வோல்ட் காட்டுவது, சுமை ஏறியதும் 11-க்குச் சரியலாம். எல்லா உறுப்புகளும் பொருத்தி ஓடும் நிலையில் அளப்பதே உண்மையான அளவு. மஞ்சள் கம்பியில் 11.40 முதல் 12.60 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். நூற்றுக்கு ஐந்து கூடவோ குறையவோ இடமுண்டு என்பதே விதி.

விசிறி சுழன்றும் படம் தோன்றாமை

மிகுதியான பணம் வீணாவது இந்நிலையில்தான். ஆதலின் இதைச் சற்று விரித்துரைப்போம்.

திரை வேறு, கணிப்பொறி வேறு. திரைக்குத் தனி மின்சாரம், தனிக் கம்பி. எனவே முதலில் வேறொரு நல்ல கணிப்பொறியின் திரையையும் கம்பியையும் கொண்டுவந்து பார்க்க வேண்டும். தனிப் படஅட்டை உள்ள கணிப்பொறியில், திரைக்கம்பியைத் தாய்ப்பலகையின் வாயில் செருகிவிட்டு இருட்டை நோக்கிக்கொண்டிருப்பதும் நடக்கிறது. இதைத் தெளிந்தபின் விசைப்பலகையில் 'நம்லாக்' விசையை அழுத்திப் பார்க்கலாம். அதன் விளக்கு அழுத்துந்தோறும் எரிந்து அணையுமானால், கணிப்பொறி உயிரோடிருக்கிறது. குறை படம் வெளிவரும் வழியில்தான். விளக்கு மாறாவிட்டால் குறை உள்ளே என்று கருதி மேற்செல்லலாம்.

அடுத்து, தேவைக்கு மேற்பட்டவற்றையெல்லாம் கழற்றிவிட வேண்டும். தாய்ப்பலகை, செயலி, செயலியின் விசிறி, மின்வழங்கி, ஒரே ஒரு நினைவக அட்டை ஆகிய ராம், தேவைப்பட்டால் படஅட்டை, இவ்வளவே எஞ்சட்டும். இந்நிலையில் படம் தோன்றினால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டு வருக. எதைச் சேர்த்ததும் மீண்டும் நிற்கிறதோ, ஐயத்துக்குரியது அதுவே. ஒரே சமயத்தில் இரண்டைச் சேர்ப்பவர் தம் உழைப்பைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.

அப்போதும் படம் இல்லையேல், ராம் அட்டையையும் எடுத்துவிட்டு இயக்கிப் பார்க்கலாம். பலகையோடு சிறு ஒலிப்பான் இணைந்திருந்தால், நினைவகம் இல்லை என்று அது முறையிடும். அவ்வொலி கேட்டால் பெரிதும் மகிழலாம். ஏனெனில் முறையிடுவதற்குப் பலகையும் செயலியும் வேலை செய்தாக வேண்டுமன்றோ? குற்றம் ராமிலோ அதன் துளையிலோ இருக்கக்கூடும். எத்தனை ஒலி, எவ்வளவு நீளம் என்பதன் பொருள் பலகை செய்தவரைப் பொறுத்து மாறும். பலகையோடு வரும் கையேட்டைப் பார்த்தே சொல்ல வேண்டும், நினைவைக் கொண்டு சொல்லக் கூடாது. புதிய பலகைகளில் ஒலிக்குப் பதில் சிறு விளக்குகள் உண்டு.

ராம் அட்டையின் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் நாடெங்கும் பரவியிருக்கிறது. அதனால் பல கணிப்பொறிகள் பிழைத்தெழுவதும் மெய்யே, சிறப்பாக உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில். ஆனால் மீண்டும் மீண்டும் தேய்த்தால் மெல்லிய முலாம் தேயும். ரப்பர்த் துகள் துளையில் தங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் துடைப்பதே நலம். வேறொன்றும் இங்குக் கருதத் தக்கது: அட்டையைக் கழற்றிச் செருகியதனாலேயே தொடுமுனைகள் புதுத் தொடர்பு பெறும். தேய்த்தது குணமாக்கிற்றா, செருகியது குணமாக்கிற்றா என்பதை யார் அறிவார்?

இதனின்று பிறக்கும் ஒரு சோதனையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. ஒரு புதிய ராமைச் செருகியதும் கணிப்பொறி இயங்கினால், பழையதைக் குப்பையில் எறியாமல், அதையே மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். பழுது திரும்பி வந்தால்தான் பழைய அட்டை கெட்டது என்பது உறுதி. திரும்பாவிட்டால், நடந்தது தொடர்புத் தளர்ச்சி மட்டுமே, பணம் மிச்சம். பின்னர் மெம்டெஸ்ட் போன்ற சோதனை நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டுப் பிழை ஏதுமில்லை என்று கண்டுகொள்ளலாம்.

பலகையின் ஓரத்தில், செயலிக்கு அருகே, நான்கு அல்லது எட்டு முனைகள் கொண்ட தனி மின்னிணைப்பு ஒன்று உண்டு. தூசி தட்டியபின் இதைச் செருக மறந்தால் விசிறிகள் சுழலும். செயலி மட்டும் உறங்கும். சில பலகைகள் காசு வடிவான 3 வோல்ட் மின்கலம் தீர்ந்தாலும் முரண்டு பிடிக்கும். அதற்கு முன்னோடியாகத் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போயிருக்கும். பயன்படுத்துவோர் அதைத் திருத்தித் திருத்திச் சலித்திருப்பர், கேட்டால்தான் சொல்வர்.

உப்பிய மின்தேக்கிகள்

பலகையைக் கண்ணால் உற்றுப் பார்ப்பதும் ஒரு சோதனையே. செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகள் மின்தேக்கிகள். அவற்றின் தலைப்பில் பெருக்கற் குறி போன்றோ கூட்டற் குறி போன்றோ கீறல் இருக்கும். உள்ளே வாயு மிகுந்தால் வெடிக்காமல் அவ்வழியே திறந்துகொள்வதற்காக இட்ட கீறல் அது. தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு உலர்ந்திருந்தாலோ, அந்தத் தேக்கி பயனற்றது. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை செய்யப்பட்ட பலகைகளில் இந்நோய் உலகெங்கும் கொள்ளை நோய்போல் பரவிற்று. மின்பகு திரவத்தின் கலவை பிழைபட்டிருந்ததால் உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகித் தேக்கிகள் உப்பின. பிற்காலத்துப் பலகைகளில் திரவமற்ற திண்மத் தேக்கிகள் வந்துவிட்டன. ஆனால் மின்வழங்கிகளில் திரவத் தேக்கிகள் இன்றும் உள்ளன. அவற்றின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். தூசி அடைத்த விசிறி ஒன்று, தன்னோடு நில்லாமல் மின்வழங்கியையும் முதுமைப்படுத்துகிறது.

ஓடி நிற்கும் கணிப்பொறி

சிறிது நேரம் ஓடி அணைவதாயின், கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்க. முதன்முறை இருபது நிமிடம் ஓடி நின்றது, உடனே மீண்டும் இயக்கியபோது ஐந்தே நிமிடத்தில் நின்றால், வெப்பமே காரணமாயிருத்தல் கூடும். செயலிகள் பொதுவாக 100 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் முதலில் வேகத்தைக் குறைத்து, பின்னும் சூடேறினால் தம்மைத் தாமே அணைத்துக்கொள்ளும். ராஜஸ்தானத்துப் புழுதியும் பஞ்சாலை ஊர்களின் பஞ்சுத் தூளும் செயலியின் வெப்பம் போக்கும் தகடுகளுக்கிடையே கம்பளிபோல் படிந்துவிடுகின்றன. தகட்டுக்கும் செயலிக்கும் இடையிலுள்ள பசை உலர்வதும் காரணமாகலாம். நிற்கும் நேரத்தில் ஓர் ஒழுங்கும் இல்லையேல் ராம்மீது ஐயங்கொள்க. கடினமான வேலை தொடங்கிய கணத்திலேயே நின்றால் மின்வழங்கியை அளந்து பார்க்க.

இயங்கத் தொடங்கிப் பாதியில் நிற்பது பெரும்பாலும் வன்தட்டைப் பற்றியது. ஸ்மார்ட் என்னும் தற்சோதனைப் பதிவைப் படித்தால், மாற்றியமைத்த பகுதிகளின் எண்ணிக்கை 5-ஆம் வரிசையிலும், மாற்றத்திற்குக் காத்திருப்பவை 197-ஆம் வரிசையிலும் தெரியும். இவை நாளுக்கு நாள் ஏறினால் தட்டு முடியப்போகிறது. 199-ஆம் வரிசை மட்டும் ஏறினால் தட்டைப் பழிக்க வேண்டாம். அதை இணைக்கும் கம்பியை மாற்றுக.

பள்ளிக் கூடத்தில் கண்டது

இனி, தொடக்கத்தில் கூறிய நிகழ்ச்சிக்கு வருவோம். மூன்றாம் பலகையில் திரை இருண்டிருந்தும் நம்லாக் விளக்கு ஒழுங்காக மாறிற்று. ஆகவே கெட்டது படம் வெளிவரும் வாய் மட்டுமே. ஆசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் படவீழ்த்தியின் கம்பியை அவ்வாயில் செருகி எடுப்பது வழக்கம். இரு பொறிகளும் அப்போது ஓடிக்கொண்டிருக்கும். கூட்டைத் தொட்டால் 'சுருக்' என்று இழுப்பதாகவும், மாணவர் அதை விளையாட்டாகத் தொட்டுப் பார்ப்பதாகவும் விசாரணையில் தெரியவந்தது.

மின்வழங்கியின் நுழைவில், மின்கம்பிகள் இரண்டிலிருந்தும் கூட்டுக்குச் சிறு தேக்கிகள் ஒவ்வொன்று இணைந்திருக்கும். மின்னிரைச்சலை நிலத்தில் வடிப்பது அவற்றின் பணி. எர்த் இணைப்பு இல்லாவிட்டால் வடிய இடமின்றி, கூடு முழுவதும் 230-இன் பாதியாகிய ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். ஒரு கணிப்பொறியில் இதனால் பாயக்கூடிய மின்னோட்டம் பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. ஆனால் ஒரே நீட்டுப் பலகையில் பத்துக் கணிப்பொறிகள் இருந்தால் அது பத்து மடங்காகச் சேரும். அக்கூடத்து மேசைச் சாக்கெட்டில் மின்முனைக்கும் எர்த் துளைக்கும் இடையே 230 வோல்ட்டுக்குப் பதில் 115-ஐ ஒட்டிய அளவே காணப்பட்டது; நடுநிலை முனைக்கும் எர்த்துக்கும் இடையே, சில வோல்ட்டுக்கு மேற்படக் கூடாத இடத்தில், அதே அளவு. சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் முனையில் கம்பியே இல்லை. படவீழ்த்தியின் சாக்கெட்டிலோ எர்த் சரியாயிருந்தது. மிதக்கும் பொறியையும் நிலத்தோடு இணைந்த பொறியையும் ஒரு மெல்லிய படக்கம்பியால் சேர்த்த ஒவ்வொரு முறையும், அவ்வேறுபாடு படவாயின் நுண்ணுறுப்புகள் வழியே பாய்ந்திருக்கிறது.

நான்காம் பலகை வாங்கப்படவில்லை. முதலில் மின்பணியாளர் எர்த் கம்பியை நிலத்திலிருந்து மேசைவரை இழுத்து இணைத்தார். அளந்து பார்த்தபின், மூன்றாம் பலகையிலேயே சிறிய படஅட்டை ஒன்று செருகப்பட்டது. அதன் செலவு ஒரு பலகையின் விலையில் ஒரு பகுதியே. படக்கம்பியை மாட்டும்போதும் கழற்றும்போதும் இரு பொறிகளையும் அணைத்துவிட வேண்டும் என்று மேசையில் எழுதி ஒட்டினோம். மூன்று முனைப் பிளக்கின் பருத்த முனையை ஒடித்து இருமுனைச் சாக்கெட்டில் செருகியிருந்த நீட்டுப் பலகைகள் இரண்டு, பக்கத்து மேசைகளில் அகப்பட்டன. அவற்றையும் அன்றே அகற்றினோம்.

அக்கூடத்துப் பதிவேட்டில் அன்று எழுதிய குறிப்பு பின்வருமாறு: "அடையாளம்: விசிறி சுழலும், படமில்லை, நம்லாக் மாறுகிறது. அளவு: மின்முனை–எர்த் 115, நடுநிலை–எர்த் 115, எர்த் கம்பி இல்லை. செய்தது: எர்த் இணைப்பு, பின் 230, 2. படஅட்டை செருகப்பட்டது, படம் வந்தது. அடுத்த சோதனை: ஒரு மாதம் கழித்து, மழை தொடங்குமுன்."